பனிக்கட்டி வீட்டில் ஒரு வகுப்பறை



பத்தாண்டு நிறைவு விழாவென்றால் ஒரு கவிஞரையோ ஒரு காப்பியத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவதே மேடை மரபு. இன்றைய உரை அம்மரபிலிருந்து சற்றே விலகி, கவிதை எதுவும் எழுதாத ஓர் ஆசிரியையைப் பற்றி அமைகிறது. இவ்வட்டத்துக் கூட்டங்களுக்கு வருவோரில் பலர் பகல் முழுதும் கரும்பலகைக்கு முன்னே நின்று, தொண்டை வறண்டு, கைக்குட்டையில் சுண்ணக்கட்டித் தூளைத் துடைத்துக்கொண்டு மாலையில் வந்து அமர்பவர்கள். அவர்களுக்கு இத்தலைப்பு அயலானதாக இராது.

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், இராணி மேரி கல்லூரியைக் கடந்து சிறிது தொலைவில் இடப்பக்கம் வளைந்த முகப்புடைய ஒரு பழைய கட்டடத்தைக் காண்பர். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் பேருந்து நடத்துநரும் மீன் விற்கும் பெண்ணும் இன்றளவும் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர். மக்கள் வாயில் படிந்த பெயரை அரசாணை எளிதில் துடைத்துவிட முடிவதில்லை. 1842இல் ஃபிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொணர்ந்து சேமித்து வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு அது. மரத்தூளில் பொதிந்து வந்த அப்பனிக்கட்டி சென்னையிலிருந்த வெள்ளையர்களின் மேசைகளுக்குச் சென்றது. இங்கேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்ததும் அவ்வணிகம் நலிந்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் அதனை வாங்கி, சன்னல்கள் திறந்து, வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் அங்குத் தங்கினார். இவ்விரண்டு செய்திகளையும் சென்னையின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் தவறாது குறிப்பிடுவர். பனிக்கட்டிக்கும் துறவிக்கும் அடுத்து அவ்வீட்டில் குடிபுகுந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர்களின் பேனா விரைந்து ஓடிவிடுகிறது.

அவ்வாறு குடிபுகுந்தவர்கள் சிறுமியர். மணம் என்பதன் பொருள் தெரியுமுன் மணமுடித்து, கணவன் என்பவனின் முகம் மனத்தில் பதியுமுன் கைம்மை எய்தியவர்கள். அவர்களை அங்கு அழைத்து வந்தவர் சகோதரி சுப்பலட்சுமி.

கைம்மை தமிழ் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பூதபாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பினும் ஈமத் தீயே தனக்கு எளிது என்று சான்றோரிடம் வாதாடுகிறாள். 250ஆம் பாட்டில் தாயங்கண்ணியார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். முன்பு விருந்தினர் நிறைந்திருந்த பந்தர் வெறுமையாக, அவ்வீட்டு மனைவி கூந்தல் களைந்து, வளை நீக்கி, அல்லி அரிசி உண்டு இருக்கிறாள். இரண்டு பாட்டுமே பெண்பாற் புலவர் பாடியவை என்பது எண்ணத்தக்கது. ஆயினும் அவ்விருவர் காட்டும் பெண்கள் வாழ்ந்து பார்த்தவர்கள். இழந்தது இன்னதென அறிந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சை மாவட்டத்து அக்கிரகாரங்களில் எட்டு வயதிலும் பத்து வயதிலும் மூலையில் அமர்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு எதை இழந்தோம் என்பதே தெரியாது. தெரிந்ததெல்லாம் பாவாடைக்கு மாறாக வேறு துணி, பண்டிகையன்று முன்னே வராதே என்னும் கட்டளை, அடுப்படியில் முடிவில்லாத வேலை. சங்கப் புலவருக்கே இந்நிலையைப் பாடச் சொல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

சுப்பலட்சுமி 1886 ஆகஸ்டு 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. குடும்பம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைச் சேர்ந்தது. ஒன்பதாம் வயதில், நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அவ்வெற்றியின் ஈரம் உலருமுன் வழக்கப்படி மணம். மணத்தின் ஈரம் உலருமுன் கைம்மை. இவ்வளவும் பிற வீடுகளில் நடந்ததே. அடுத்து நடந்ததுதான் வேறு. மகளை மூலையில் அமர்த்த மறுத்த தந்தையார் அவளுக்குத் தாமே ஆசிரியரானார். தலைமுடி களைவிக்கும் வழக்கத்திற்கும் இணங்கவில்லை. மாலையில் அலுவலிலிருந்து திரும்பிய ஒரு மனிதர், உறவினரின் முணுமுணுப்பு கூடத்தில் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளறையில் மகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். தென்னிந்தியப் பெண்கல்வியின் வரலாற்றில் அவ்வறைக்கு ஓர் இடமுண்டு. சீர்திருத்த மாநாடுகளில் முழங்கியவர் பலர்; வீட்டுக்குள் வந்ததும் அம்முழக்கம் அடங்கிப்போனவரும் பலர். சுப்பிரமணிய ஐயர் மேடையேறி முழங்கியதாகச் செய்தி இல்லை.

வீட்டுப் பாடம் போதாத நிலையில் பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளிக்குச் சென்றார். அங்குக் கண்ட ஒன்று அவரது வாழ்வை வடிவமைத்தது என்று கருதலாம். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, நகை இல்லை. ஆயினும் எவரும் அக்கன்னியரை அமங்கலி என்று ஒதுக்கவில்லை. வெண்ணிற உடையில் அவர்கள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நின்றனர். மணவாழ்வுக்கு வெளியே நிற்கும் ஒரு பெண், கற்பித்தல் என்னும் ஒரு செயலால் மதிப்புக்குரியவளாக முடியும் என்பதற்கு அது கண்முன் நின்ற சான்று. பின்னாளில் ஊரார் அவரையே 'சிஸ்டர்' என்று அழைத்தபோது, மதம் மாறாமலே அச்சொல்லின் பொருளை மட்டும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

1911 ஏப்ரலில் மாநிலக் கல்லூரியிலிருந்து முதல் வகுப்பில் இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று வரலாற்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. ஆண்கள் நிறைந்த அக்கல்லூரியில் ஒரு பிராமணக் கைம்பெண் அமர்ந்து படித்ததை அன்றைய மயிலாப்பூர் எவ்வாறு பேசியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மயிலாப்பூரை அறிந்தவர்கள் இவ்வவையில் நிறைய உள்ளனர்.

பட்டம் பெற்ற ஓராண்டிற்குள் சாரதா மகளிர் சங்கமும், நான்கு இளம் கைம்பெண்களைக் கொண்ட ஓர் இல்லமும் தோன்றின. எழும்பூரில் ஒரு வாடகை வீடு. சுப்பலட்சுமிக்கு அப்போது இருபத்தைந்து வயது. பகலெல்லாம் அவர் கற்பிக்கும் வேலையிலும் ஆதரவு திரட்டும் வேலையிலும் இருக்க, வீட்டை நடத்தியவர் யார் என்ற கேள்வி எழவேண்டும். அவர் பெயர் வாலாம்பாள், சுப்பலட்சுமியின் சித்தி, அவரும் இளமையிலேயே கைம்மை அடைந்தவர். உலை வைப்பது, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றுவது, இரவில் தாயை நினைத்து அழும் சிறுமியின் பக்கத்தில் படுத்துக்கொள்வது ஆகிய எல்லாம் அச்சித்தியின் பொறுப்பாயின. ஊதியப் பட்டியலில் இடம்பெறாத உழைப்பு அது. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் நிறுவியவரின் பெயர் வரும். கொடை தந்தவர்களின் பெயர் தொகையோடு வரும். ஆளுநரின் துணைவியார் வருகை தந்த நாள் வரும். அடுப்பை மூட்டியவரின் பெயர் வருவதில்லை. சகோதரி சுப்பலட்சுமியின் வரலாற்றை எழுதியோர் வாலாம்பாளை மறவாது குறிப்பிட்டிருப்பது ஆறுதல். நான்கு சிறுமியர் அங்குத் தங்கிப் படித்ததற்கு, எழுத்தறிவித்த மருமகள் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் சோறு வடித்த சித்தி.

இனி, அரசு ஏன் இதில் அக்கறை கொண்டது என்பதையும் பார்க்கவேண்டும். அது வெறும் இரக்கத்தால் நிகழ்ந்ததன்று. அன்று பெண்களுக்கான பள்ளிகளைத் திறப்பது எளிது, நடத்துவது அரிது. ஆண் ஆசிரியர் கற்பித்தால் பெற்றோர் மகளை அனுப்பமாட்டார்கள். பெண் ஆசிரியர் வேண்டுமென்றால் படித்த பெண் வேண்டும். படிக்கத் தொடங்கிய பெண்ணோ பத்து, பதினொரு வயதில் மணமாகிப் பள்ளியை விட்டுவிடுவாள். ஆக, ஆசிரியை இல்லாமையால் மாணவி இல்லை. மாணவி நிலைக்காமையால் ஆசிரியை இல்லை. இந்தச் செக்குச் சுற்றை அறுப்பதற்கு, பதினொரு வயதுக்குப் பின்னும் பள்ளியில் இருக்கக்கூடிய ஒரு கூட்டம் தேவைப்பட்டது. மணம் என்னும் கதவு எவர்களுக்கு முற்றிலும் அடைபட்டுவிட்டதோ அவர்களே அக்கூட்டம். கொடுமையான ஒரு வழக்கத்தின் உள்ளேயே அவ்வழக்கத்தை உடைக்கும் கருவி கிடந்தது. இதனைக் கல்வித்துறையில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராயிருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அம்மையார் உணர்ந்தார், சுப்பலட்சுமியும் உணர்ந்தார். ஒருவர் கணக்காக உணர்ந்ததை மற்றவர் குருதியால் உணர்ந்திருந்தார் என்பதே வேறுபாடு. இல்லம் அரசின் ஆதரவு பெற்றது. எழும்பூரிலிருந்து இடம் பெயர்ந்து, திருவல்லிக்கேணி வழியாக, இறுதியில் கடலை நோக்கிய பனிக்கட்டி வீட்டை அடைந்தது.

இவ்விடத்தில் இலக்கிய ஆர்வலர்களுக்கான ஒரு கிளைச்செய்தி. பாரதியார் தம் இறுதிக்காலத்தில், 1920-21இல், திருவல்லிக்கேணியில் வாழ்ந்தபோது எழுதிவந்தது 'சந்திரிகையின் கதை'. முற்றுப்பெறாத அக்கதையின் நடுநாயகமானவள் இளம் கைம்பெண்ணான விசாலாட்சி. தாய் தந்தையை இழந்த சிறுமி சந்திரிகையின் அத்தை. அவளுக்கு மறுமணம் செய்விக்கும் பொருட்டு உண்மை மனிதரான வீரேசலிங்கம் பந்துலுவையே பாரதியார் கதைக்குள் நடமாட விட்டிருக்கிறார். சுப்பலட்சுமியின் தாயார் பெயரும் விசாலாட்சி என்பது வெறும் தற்செயல். ஆராய்ச்சியாளர் எவரும் இதிலிருந்து முடிச்சு எதுவும் போட்டுவிட வேண்டாம். தற்செயல் அல்லாத செய்தி வேறு. பாரதியார் கற்பனை விசாலாட்சிக்கு வாழ்வு தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், உண்மை விசாலாட்சிகள் பலர் காலையில் எழுந்து பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தனர். அவருக்கு முன்பே அ. மாதவையா 'முத்துமீனாட்சி'யில் கைம்பெண் மறுமணத்தை எழுதிவிட்டார். நாவலாசிரியர்களின் விடை மறுமணம். பள்ளி ஆசிரியையின் விடை வேலை. தன் கையில் ஒரு சம்பளம், தன் பெயரில் ஒரு வகுப்பு, தன்னை 'டீச்சர்' என்று அழைக்கும் முப்பது குழந்தைகள். அதன்பின் மணம் வேண்டுமா வேண்டாவா என்பதை அவளே தீர்மானிக்கட்டும் என்பதாக அவ்விடையை விரித்துக்கொள்ளலாம். இரண்டில் எது சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இலக்கிய வரலாறு முதல் விடையையே பேசி வந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது.

சகோதரியின் செயலில் விவாதத்திற்குரிய பகுதியும் உண்டு. அதனை மூடி மறைத்துப் பாராட்டுரை வாசிப்பது அவருக்கே மதிப்பாகாது. அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமானதாக இருந்தது. அதன் பெயரே அவ்வாறுதான். சமையலறையில் ஆசாரம் கடைப்பிடிக்கப்பட்டது. சீர்திருத்தம் செய்ய வந்தவர், சீர்திருத்தப்பட வேண்டிய ஒன்றோடு ஏன் சமரசம் செய்துகொண்டார்? பொதுப்பணத்தில் ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டும் விடுதி ஏன்? நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த 1920ஆம் ஆண்டுச் சூழலை எண்ணிப் பார்த்தால் இக்கேள்வி எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கைம்மைக் கொடுமை பிராமணக் குடும்பங்களில் மிகக் கடுமையாக இருந்தது என்பது ஒரு விடை. ஆசாரம் குலையும் என்ற பேச்சு எழுந்திருந்தால் ஒரு தந்தையும் தன் மகளை அங்கு அனுப்பியிரார் என்பது மற்றொரு விடை. இரண்டும் உண்மை. இருப்பினும் இரண்டும் சேர்ந்தும் முழு விடை ஆகவில்லை. கதவைத் திறப்பதற்காகக் கதவின் அளவைக் குறுக்கிக்கொள்ளும் சமரசம் அது. அக்கதவு அப்படியே நின்றுவிட்டதா, பின்னர் அகன்றதா என்று பார்ப்பதே முறையான அளவுகோல்.

அகன்றது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அவ்வில்லத்தை அடுத்திருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. கட்டுப்பாடான வீடுகளிலிருந்து வந்த பெண்களையும், வலை உலரும் மணலில் விளையாடிய பிள்ளைகளையும் ஒருவரோடொருவர் அறிமுகப்படுத்தியது பாடப்புத்தகமே. 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எல்லாச் சமூகப் பெண்களையும் ஏற்றது. அதன் முதல் முதல்வர் சகோதரியே. 1919 முதல் 1924 வரை சென்னை ஆளுநராயிருந்த வெலிங்டன் பிரபுவின் துணைவியார் பெயரைக் கொண்ட அக்கல்லூரியோடு, பயிற்சி பெறுவோர் பாடம் நடத்திப் பழகுவதற்காக ஒரு மாதிரிப் பள்ளியும் இணைந்தது.

இம்மாதிரிப் பள்ளியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆசிரியப் பணியில் உள்ளோர் தம் முதற்பாடத்தை மறந்திருக்கமாட்டார்கள். இரவெல்லாம் விழித்து எழுதிய பாடக்குறிப்பு, வகுப்பில் நுழைந்ததும் மறந்துபோகும் முதல் வாக்கியம், பின்வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் விரிவுரையாளரின் பார்வை, கரும்பலகையில் கீழ்நோக்கிச் சாயும் எழுத்து வரிசை ஆகியன எவருக்கும் பொதுவானவை. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அங்கு நின்ற பெண்களுள் சிலர், பத்து ஆண்டுகளுக்குமுன் பிறர் எதிரே வருவதற்கே அஞ்சி, சுவரோரம் ஒதுங்கி நடக்கப் பழக்கப்பட்டவர்கள். தம் முகம் பிறர் கண்ணில் பட்டால் அன்றைய காரியம் கெட்டுவிடும் என்று கேட்டே வளர்ந்தவர்கள். நாற்பது பிள்ளைகள் தம் முகத்தையே நோக்கி அமர்ந்திருக்கும் நிலை அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆசிரியப் பயிற்சி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களைப் பொறுத்தவரை அது பிறர் பார்வையைத் தாங்கும் பயிற்சியாகவும் இருந்தது. காலையில் யார் முகத்தில் விழிப்பது தீமை என்று ஊர் சொன்னதோ, அவர் முகத்தில்தான் அந்நாற்பது பிள்ளைகளின் ஒவ்வொரு பள்ளி நாளும் விழித்தது.

இங்கு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. மாணவியராக வந்தவர்கள் பயிற்சி முடித்து ஆசிரியைகளாயினர். ஆசிரியைகளானவர் சிலர் சகோதரியின் நிறுவனங்களிலேயே அவரோடு பணியாற்றும் உடன்பணியாளராயினர். தம்மிடம் எழுத்துக் கற்றவளைத் தமக்கு இணையாக ஆசிரியர் அறையில் அமரச் செய்வது எளிதன்று என்பதை ஆசிரியர்களே அறிவர். நேற்று வரை பெயர் சொல்லி அழைத்த பிள்ளையோடு இன்று பாடவேளைப் பட்டியலைப் பற்றிக் கருத்து வேறுபடவேண்டியிருக்கும். அவள் சொல்வதே சரியென்று ஒப்பவேண்டியும் வரும். பெரியவர்கள் பலர் இங்கே தடுக்கி விழுகின்றனர். தாம் வளர்த்தவர் தம் அளவுக்கு வளர்ந்துவிட்டதைப் பொறுக்கமாட்டாத நல்லாசிரியர்கள் உண்டு. சகோதரி தொடங்கிய நிறுவனம் ஒவ்வொன்றும் அவர் அடுத்ததைத் தொடங்கச் சென்றபின்னும் பிறர் கையில் நின்று நடந்திருப்பதைக் கொண்டு, அவர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்று துணியலாம். சாரதா மகளிர் சங்கத்தின் கீழ் அவர் உருவாக்கிய சாரதா வித்யாலயம் பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்குச் சென்று, தியாகராய நகரில் இன்றும் நடைபெற்று வருகிறது. பாண்டி பசாரில் துணி எடுக்க வருவோர் கூட்டத்திற்கிடையே பள்ளி விட்டு வரும் அப்பெண்களுக்கு அப்பள்ளியின் முன்கதை எவ்வளவு தெரியும் என்பது வேறு செய்தி.

அரசு ஊழியருக்குப் பொதுவாழ்வில் பல தடைகள். அடையாற்றில் 1917இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியோர் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் வெளிப்படையாக ஈடுபட விதிகள் இடந்தரவில்லை. ஆயினும் பள்ளி நேரம் முடிந்தபின் அவர் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்குமாக நடமாடியே வந்தார். குழந்தைமணம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட ஜோஷி குழுவின் முன் சென்று சான்றுரைத்தார். அக்குழுவின் உழைப்பையும் ஹர்பிலாஸ் சாரதாவின் முயற்சியையும் ஒட்டி 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், பெண்ணின் மண வயதைப் பதினான்கு என்றும் ஆணின் மண வயதைப் பதினெட்டு என்றும் வரையறுத்தது. அக்குழுவின் முன் சாட்சி சொன்னோர் பலர் நூல்களையும் சாத்திரங்களையும் மேற்கோள் காட்டியிருக்கக்கூடும். சகோதரிக்கு அவை தேவைப்பட்டிரா. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அவருடைய வருகைப்பதிவேடே சாட்சி.

அடையாற்றைச் சொன்னதும் மற்றொருவரையும் சொல்லவேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். அதாவது சகோதரிக்கு மூன்று வாரமே மூத்தவர். ஒருவர் மாநிலக் கல்லூரியில் 1911இல் பட்டம் பெற்றார். மற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல். ஒருவர் கைம்மையின் தாழ்வையும் மற்றவர் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் என்னும் தாழ்வையும் ஊர் சுமத்தத் தாங்கியவர். சமூகத்தின் இரு வேறு முனைகளிலிருந்து புறப்பட்ட இவ்விருவரும் அடையாற்று மாதர் சங்கத்தின் பணியில் கைகோத்தது இந்நகரத்திற்கு வாய்த்த பேறு. முத்துலட்சுமி அம்மையார் ஆதரவற்ற பெண்களுக்காக 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் சாதி வேறுபாடு பாராதது. பனிக்கட்டி வீட்டின் குறுகிய கதவைப் பற்றி முன்பு எழுப்பிய கேள்விக்கு அடையாற்றில் கிடைத்த விடை அது என்று கொள்ளலாம். அதற்கு அவர் ஔவையின் பெயரைச் சூட்டியதும் பொருத்தமே. மணவாழ்வுக்கு வெளியே நின்று கற்பித்த பெண் என்னும் உருவத்தைத் தமிழ் தன் நினைவில் வைத்திருந்த பெயர் ஔவை. கன்னியாத்திரீகளின் பள்ளியில் சுப்பலட்சுமி கண்டதை, அதற்கு வெகுகாலம் முன்னரே தமிழ்ப் பிள்ளைகள் ஆத்திசூடியில் கண்டிருந்தனர். ஆனால் வீட்டிலிருந்த கைம்பெண்ணையும் ஆத்திசூடி தந்த மூதாட்டியையும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் பெரும்பாலோர் கோயிலுக்கும் கதாகாலட்சேபத்திற்கும் போவர்; அதில் பிழையில்லை. சகோதரி 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலா நிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். அது வயது வந்த பெண்களுக்கான பள்ளி. பள்ளி வயதைக் குடும்பத்தில் தொலைத்துவிட்டு, முப்பது வயதில் சிலேட்டை எடுக்கும் பெண்ணுக்குக் கற்பிப்பது சிறுமிக்குக் கற்பிப்பதினும் கடினம். வெட்கம் நடுவில் நிற்கும். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையின் நியமன உறுப்பினர். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல மையம். 1956இல், தமது எழுபதாம் வயதில், மயிலாப்பூர் லேடீஸ் கிளப்பின் தலைவராக இருந்து அக்கிளப்பின் பெயரிலேயே ஒரு பள்ளிச் சங்கத்தை நிறுவினார். பொழுதுபோக்கிற்காகக் கூடும் மகளிர் மன்றத்தைப் பள்ளி நடத்தும் குழுவாக மாற்றுவதற்குத் தனித் திறமை வேண்டும். அப்பள்ளியே இன்றைய வித்யா மந்திர். இடம் கேட்டு நீண்ட வரிசையில் நிற்கும் பெற்றோருக்கு அது மயிலாப்பூரின் பெயர்பெற்ற பள்ளி. எழும்பூர் வாடகை வீட்டின் கடைசித் தளிர் என்பது அவர்களில் சிலருக்கே தெரியும்.

1920இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கமும் 1958இல் பத்மஸ்ரீ விருதும் வந்தன. அயல் அரசும் நம் அரசும் ஒருவரையே பாராட்டியது அரிதாக நிகழ்வது.

அறுபதுகளில் மோனிகா ஃபெல்டன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி சென்னையில் வாழ்ந்தார். ஸ்டீவனேஜ் என்னும் புதிய நகரத்தை உருவாக்கும் கழகத்திற்குத் தலைமை வகித்தவர். கொரியப் போரின்போது 1951இல் வட கொரியாவுக்குச் சென்று வந்ததற்காக அப்பதவியை இழந்தவர். இராஜாஜியைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர். இவர் முதுமையடைந்த சகோதரியோடு பழகிக் கேட்டறிந்தவற்றை 1966இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். சகோதரியைப் பற்றி அறிய விழைவோர்க்கு இன்றும் அதுவே நுழைவாயில். 'ஒரு குழந்தைக் கைம்பெண்ணின் கதை' என்பது அதன் தலைப்பின் தமிழ்ப் பொருள். நூல் அருமையானது, தலைப்பில்தான் இடறல். கைம்மை அவருக்கு நேர்ந்தது. ஆசிரியப் பணி அவர் செய்தது. எண்பது ஆண்டு வாழ்க்கையில் நேர்ந்த ஒன்றைத் தலைப்பாக்கிவிட்டு, செய்தவற்றையெல்லாம் உள்ளே அத்தியாயங்களாக அடுக்கிவிட்டார் நூலாசிரியர். இலண்டன் பதிப்பகத்திற்கு அத்தலைப்பே விற்பனைக்கு உகந்ததாகத் தோன்றியிருக்கலாம்.

1969 டிசம்பர் 20 அன்று சகோதரி மறைந்தார். அன்று வைகுண்ட ஏகாதசி. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும் நாள். ஐஸ் ஹவுஸுக்கு அதற்கு ஆறு ஆண்டு முன்பே, விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி, பெயர் மாறியிருந்தது. ஆயினும் அதன்பின்னும் நெடுங்காலம் ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்கள் அக்கட்டடத்தில் தங்கிப் படித்தனர். 1997இல் அது இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கு வந்தது. கண்காட்சி காண வருவோர் இப்போது அவ்வளைந்த முகப்பின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அதே சாலையில், லேடி வெலிங்டன் வளாகத்தில், பாடக்குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பயிற்சி மாணவியர் இன்றும் வகுப்புக்குள் நுழைகின்றனர். பின்வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்திருக்கிறார். முதல் வாக்கியம் மறந்துபோகிறது. சன்னல் வழியே கடற்காற்று வந்து வரைபடத்தை ஆட்டுகிறது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து அதைப் பிடித்துக்கொள்கிறது.